உடம்பில் நீர் கோர்த்து வீங்குவதும் ஹோமியோபதி மருந்தும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கால் வீக்கத்துக்கு ஹோமியோபதியில் மருந்து உண்டா என்ற கேள்வியோடு பலர் வருகிறார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு வீக்கம் எதனால் வந்தது என்றே தெரிவதில்லை. திரும்பத் திரும்பக் காதில் விழுந்த சந்தேகங்களைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம்.

சாயங்காலம் ஆனா ரெண்டு காலும் வீங்குது, காலையில எந்திரிச்சா வத்திடுது. இதுவும் நோயா?

எல்லாருக்கும் நோய் இல்லை. நாள் முழுக்க நின்றபடியோ காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்தபடியோ வேலை செய்தால், ரத்தக் குழாயிலிருந்து கசியும் நீர் கணுக்காலைச் சுற்றித் தேங்கும். நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கி விரிந்து ரத்தத்தை மேலே தள்ளுகிறது. அசையாமல் இருந்தால் அந்த வேலை நடக்காது. படுத்துத் தூங்கியதும் தேங்கிய நீர் ரத்தத்துக்குத் திரும்பிவிடும்.

ஆனால் இதுவரை இல்லாத வீக்கம் புதிதாக வந்து தினமும் தொடர்ந்தாலும், காலையில் முழுதாக வற்றாவிட்டாலும், வாரத்துக்கு வாரம் மேலே ஏறினாலும் பரிசோதனை தேவை. உடம்பு முழுக்க நீர் சேரும் நோய்களில் இரண்டு மூன்று லிட்டர் சேர்ந்த பிறகுதான் வீக்கம் கண்ணுக்கே தெரியும்.

நீர் வீக்கம்தான்னு வீட்டிலேயே எப்படிப் பார்க்கிறது?

கணுக்காலுக்கு நான்கு விரல் மேலே, உட்பக்கமாக, தோலுக்கு அடியிலேயே எலும்பு தட்டுப்படும் இடத்தில் கட்டைவிரலை வைத்து 10 விநாடி அழுத்துங்கள். விரலை எடுத்ததும் குழி விழுந்து, மெல்ல மெல்ல நிரம்பினால் அது நீர். மாவு உருண்டையில் விரல் பதிந்தது போல இருக்கும். 2 மி.மீ. குழி லேசான வீக்கம், 8 மி.மீ. கடுமையானது. குழியே விழாமல் கெட்டியாக இருந்தால் தைராய்டு குறைபாடு, நிணநீர் அடைப்பு, கொழுப்பு என்று வேறு காரணங்களைப் பார்க்க வேண்டும்.

இதைவிட நம்பகமானது எடை. காலையில் சிறுநீர் கழித்துவிட்டு, எதுவும் சாப்பிடும் முன், ஒரே தராசில், ஒரே மாதிரி உடையில் பார்த்துக் காலண்டரில் குறித்து வையுங்கள். கொழுப்பு ஒரே நாளில் ஒரு கிலோ கூடாது, நீர் கூடும். படுத்தே இருப்பவர்களுக்குக் காலில் தெரியாது. இடுப்புக்குப் பின்னால், முதுகுத் தண்டின் அடியில் அழுத்திப் பாருங்கள்.

கிட்னின்னு ஒருத்தர் சொல்றார், ஹார்ட்டுன்னு இன்னொருத்தர் சொல்றார். எதனால்தான் நீர் கோர்க்குது?

இதயம் பலவீனமானால் இரண்டு காலும் வீங்கும், நடந்தால் மூச்சு வாங்கும், படுத்தால் மூச்சு திணறி எழுந்து உட்காரத் தோன்றும். சிறுநீரகத்தில் புரதம் ஒழுகினால் காலையில் கண் இமையும் முகமும் உப்பும், சிறுநீர் நுரைக்கும். கல்லீரல் கெட்டால் முதலில் வயிறு பெருக்கும். இவை மூன்றும் பெரியவை. இவை தவிர ரத்தசோகை, புரதக் குறைவு, தைராய்டு, கால் நரம்புச் சுருட்டு, யானைக்கால், கர்ப்பம், சாப்பிடும் மாத்திரைகள் ஆகியவையும் உண்டு.

அறிகுறியை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. ஒரே ஆளுக்கு இரண்டு காரணங்கள் சேர்ந்தே இருக்கலாம்.

என்னென்ன டெஸ்ட் எடுக்கணும்?

முதல் சுற்றில் ரத்த அழுத்தம், சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம், சிறுநீரகத்துக்குக் கிரியேட்டினின், ஹீமோகுளோபின், கல்லீரல் சோதனையோடு ரத்த ஆல்புமின், சர்க்கரை, தைராய்டுக்கு டி.எஸ்.எச்., இ.சி.ஜி. இவற்றில் பெரும்பாலானவற்றை அரசு மருத்துவமனையிலேயே கட்டணமில்லாமல் பார்த்துவிடலாம். சந்தேகம் வந்தால் இதயத்துக்கு எக்கோ, வயிற்று ஸ்கேன், காலில் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன்.

ஒரே ஒரு சோதனைதான் எடுக்க முடியும் என்றால் சிறுநீர் ஆல்புமினை எடுங்கள். சிறுநீரகம் வலியில்லாமல் கெடும். முகம் உப்புவதற்கு முன்பே இந்தச் சோதனை காட்டிக்கொடுத்துவிடும்.

எந்த வீக்கத்துக்கு அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடணும்?

ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி கெண்டைக்காலில் வலித்தால் உள்ளே இருக்கும் ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்திருக்கலாம். முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் துருத்தும் எலும்பு முடிச்சிலிருந்து 10 செ.மீ. கீழே இரண்டு காலையும் டேப் வைத்து அளந்து பாருங்கள். வித்தியாசம் 3 செ.மீ.க்கு மேல் என்றால் சந்தேகம் வலுவானது. எண்ணெய் போட்டு உருவிவிடாதீர்கள், உறைந்த கட்டி நுரையீரலுக்குப் போய்விடும். அன்றே டாப்ளர் எடுக்க வேண்டும்.

மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, சிறுநீர் வெகுவாகக் குறைவது, ஒரே நாளில் ஒரு கிலோவுக்கு மேலோ மூன்று நாளில் இரண்டு கிலோவுக்கு மேலோ எடை ஏறுவது, காய்ச்சலோடு கால் சிவந்து கொதிப்பது, உதடு நாக்கு வீங்குவது: இவை எதற்கும் எந்த முறை மருந்தையும் வீட்டில் வைத்துப் பரீட்சித்துப் பார்க்காதீர்கள்.

உப்பைக் குறைக்கச் சொல்றாங்க. எவ்வளவு? தண்ணியையும் குறைக்கணுமா?

ஒரு நாளுக்கு மொத்தமாக 5 கிராமுக்குள், அதாவது தலைதட்டிய ஒரு டீஸ்பூன். சாம்பாரில் போடும் உப்பு மட்டும் கணக்கில்லை. ஊறுகாய், அப்பளம், வடகம், மோர் மிளகாய், கருவாடு, சிப்ஸ், பேக்கரி பண்டம் எல்லாமே அந்த ஒரு ஸ்பூனுக்குள் அடங்க வேண்டும். சமையலில் உப்பைக் குறைத்துவிட்டு தயிர்சாதத்துக்கு மாவடு வைத்துக்கொண்டால் பலன் இல்லை. சுவைக்கு எலுமிச்சை, மிளகு, சீரகம் கைகொடுக்கும். இந்துப்பும் உப்புதான், அதிலும் சோடியம் இருக்கிறது.

தண்ணீரை எல்லாரும் குறைக்கத் தேவையில்லை. கடுமையான இதய பலவீனம், சிறுநீரகச் செயலிழப்பு, ரத்தத்தில் சோடியம் குறைந்த நிலை ஆகியவற்றில் மருத்துவர் அளவு சொல்வார். வெறும் கால் வீக்கத்துக்குத் தாகத்தை அடக்கினால் உடம்பு வறளும்.

வாழைத்தண்டு ஜூஸ், நெருஞ்சி முள் கஷாயம், பார்லி தண்ணி குடிச்சா நீர் இறங்குமா?

பார்லி தண்ணீரால் பெரும்பாலோருக்குக் கெடுதல் இல்லை. ஆனால் அதையும் மருத்துவர் சொன்ன தண்ணீர்க் கணக்கில் சேர்க்க வேண்டும். வாழைத்தண்டு, இளநீர், மூக்கிரட்டை போன்றவற்றில் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகம் பழுதானவர்களும், ஸ்பைரோனோலாக்டோன் என்ற நீர் மாத்திரையோ டெல்மிசார்டான், எனலாப்ரில் போன்ற பிரஷர் மாத்திரையோ சாப்பிடுபவர்களும் இவற்றைத் தினமும் குடித்தால் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பே தடுமாறும். சோடியம் குறைந்தது என்று விற்கும் உப்புக்கும் இது பொருந்தும். அதில் சோடியத்தின் இடத்தில் இருப்பது பொட்டாசியம்தான்.

காலைத் தூக்கி வைக்கிறது, சாக்ஸ் போடுறது எல்லாம் சரியா எப்படிச் செய்யணும்?

கால் இதயத்தைவிட உயரத்தில் இருக்க வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து முக்காலியில் காலை நீட்டினால் போதாது. படுத்து, இரண்டு தலையணையில் கெண்டைக்காலையும் பாதத்தையும் வைத்து அரை மணி நேரம், ஒரு நாளில் மூன்று நான்கு முறை. மூச்சுத் திணறல் உள்ளவர்கள் இப்படிப் படுக்கக் கூடாது.

அழுத்தச் சாக்ஸைக் காலையில் படுக்கையை விட்டு இறங்கும் முன், வீங்கும் முன்பே போட வேண்டும். வீங்கிய பின் மாட்டினால் மேல்விளிம்பு கயிறு கட்டியது போல இறுக்கும். மடித்து விடாதீர்கள், மடிப்பில் அழுத்தம் இரட்டிப்பாகும். நரம்புச் சுருட்டுக்கு 20 முதல் 30 மி.மீ. பாதரச அழுத்தம் வழக்கம். கணுக்கால், கெண்டைக்கால் சுற்றளவு எடுத்து வாங்குங்கள். பாதத்தில் நாடித் துடிப்பு தெரியாதவர்கள், பல வருடச் சர்க்கரை நோயாளிகள், புகைப்பவர்கள் முதலில் காலின் ரத்த ஓட்டத்தைப் பரிசோதித்த பிறகே போட வேண்டும். ஓட்டம் குறைந்த காலில் சாக்ஸ் புண்ணாக்கிவிடும்.

ஹோமியோபதியில வீக்கத்துக்கு என்ன மருந்து தர்றாங்க?

நோயின் பெயரை வைத்து இல்லாமல், அறிகுறிகளின் தொகுப்பை வைத்துத் தேர்வு செய்வது அவர்கள் முறை. தேனீயிலிருந்து செய்யும் ஏபிஸ் மெல்லிஃபிகா: கொட்டியது போன்ற வலி, சூடு ஒத்துக்கொள்ளாது, தாகம் இராது. ஆர்சனிகம் ஆல்பம்: நிலைகொள்ளாமை, நள்ளிரவில் அதிகமாகும் தொந்தரவு, கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி தண்ணீர் குடிப்பது. காலி கார்ப்: மேல் இமைக்கும் புருவத்துக்கும் நடுவே பை போல உப்புவது. அபோசைனம்: தாகம் இருக்கும், குடித்தால் வாந்தி வரும். வயிற்றில் நீர் என்றால் லைகோபோடியம், நாடி மெதுவாக அடித்தால் டிஜிட்டாலிஸ்.

30 சி, 200 சி என்பது வீரியம். ஒரு பங்கு மருந்தை 99 பங்கு திரவத்தில் கலந்து குலுக்குவது 1 சி. அதிலிருந்து ஒரு பங்கை எடுத்து மறுபடி 99 பங்கில் கலப்பது 2 சி. இப்படியே முப்பது முறை செய்தால் 30 சி. எக்ஸ் என்றால் ஒவ்வொரு முறையும் பத்து மடங்கு. தாய்த் திரவம் என்பது மேலே சொன்ன நீர்ப்பு எதுவும் செய்யாத மூலச் சாறு.

அது உண்மையிலேயே வீக்கத்தைக் குறைக்குமா? நேரடியாச் சொல்லுங்க.

குறைக்கும் என்று காட்டும் நம்பகமான ஆதாரம் இல்லை. ஆஸ்திரேலியாவின் தேசிய சுகாதார, மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2015இல் வெளியிட்ட மதிப்பீட்டில், எந்த நோய்க்கும் ஹோமியோபதி பலன் தருவதாக நம்பகமான சான்று இல்லை என்று முடிவு சொன்னது. 12 சி தாண்டிவிட்டால் மூலப்பொருளின் ஒரு மூலக்கூறுகூட மிஞ்ச வாய்ப்பில்லை. 30 சி உருண்டையில் இருப்பது சர்க்கரை.

டிஜிட்டாலிஸ் கதை இங்கே பொருத்தமானது. டிஜிட்டாலிஸ் எனப்படும் நரிக்கையுறைச் செடியின் இலை உடல் வீக்கத்தை வற்ற வைப்பதை வில்லியம் விதரிங் 1785இல் இங்கிலாந்தில் எழுதி வெளியிட்டார். வாந்தி வரும், நாடி தளரும், அளவு மீறினால் ஆபத்து என்பதையும் சேர்த்தே எழுதினார். இலையில் சத்து இருந்ததால் வேலை செய்தது, அதே சத்தால் நஞ்சாகவும் ஆனது. இன்றைய இதய மருந்தான டிகாக்ஸின் அந்தச் செடி இனத்திலிருந்து வந்ததுதான். அதை மைக்ரோகிராம் கணக்கில் அளந்து கொடுக்கிறார்கள்.

எங்க சித்திக்கு ஒரே மாசத்துல வத்திடுச்சே?

வற்றியிருக்கும், சந்தேகமில்லை. எதனால் என்பதுதான் கேள்வி. வெயில் காலத்து வீக்கமும், மாதவிலக்குக்கு முந்தைய வீக்கமும், நீண்ட பயணத்து வீக்கமும் தானாகவே போய்விடும். மருந்தோடு சேர்த்து ஊறுகாயை நிறுத்தச் சொல்லியிருப்பார்கள், தினமும் நடக்கச் சொல்லியிருப்பார்கள். இடையில் வலி மாத்திரையை நிறுத்தியிருக்கலாம். ஹோமியோபதி மருத்துவர் ஒரு மணி நேரம் உட்கார வைத்துப் பொறுமையாகக் கேட்பதால், வேறு எங்கும் கவனிக்காமல் விட்ட விஷயம் வெளியே வருவதும் உண்டு. அந்தப் பொறுமை பெரிய விஷயம்தான்.

சைடு எஃபெக்ட் இல்லாததுதானே, சாப்பிட்டுப் பார்த்தா என்ன நஷ்டம்?

30 சி உருண்டையால் நேரடிக் கெடுதல் அநேகமாக இல்லை. நாள் தள்ளிப்போவதுதான் நஷ்டம். தாய்த் திரவம் வேறு கதை. அபோசைனம் தாய்த் திரவத்தில் டிஜிட்டாலிஸ் போன்றே இதயத்தைத் தாக்கும் சத்து இருக்கிறது. டிகாக்ஸின் சாப்பிடுபவர் அரை டம்ளர் தண்ணீரில் 10 சொட்டு, 20 சொட்டு என்று குடித்தால் இரண்டும் சேர்ந்து குமட்டல், மஞ்சளாகத் தெரியும் பார்வை, தாறுமாறான நாடி என்று போகும். தாய்த் திரவங்கள் பெரும்பாலும் ஆல்கஹாலில் கரைத்தவை. 12 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ள ஹோமியோ மருந்தை 30 மி.லி.க்கு மேல் புட்டியில் சில்லறையாக விற்கக் கூடாது என்று இந்திய மருந்து விதி சொல்வது சும்மா இல்லை. கல்லீரல் நோயாளி இதைத் தொடவே வேண்டாம்.

பெயர் எழுதாத பொட்டலப் பொடியும் வேண்டாம். இரண்டே நாளில் அதிசயமாக வற்றி, பிறகு முகம் உருண்டையாகி, பசி எக்கச்சக்கமாக எடுத்தால் ஸ்டீராய்டு கலந்திருக்கிறதா என்று சந்தேகியுங்கள்.

நேட்ரம் மூர் 6 எக்ஸ்னா உப்புதானே? உப்பே கூடாதுங்கிறவங்க சாப்பிடலாமா?

உப்புதான், ஆனால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. 100 மி.கி. மாத்திரை ஒன்றில் 0.1 மைக்ரோகிராம் உப்பு இருக்கும். ஒரு சிட்டிகை உப்புக்குச் சமமாக வர 30 லட்சம் மாத்திரை வேண்டும். அதனால் உப்பு ஏறிவிடும் என்று பயப்பட வேண்டாம். அவ்வளவு துளி உப்பு உடம்பின் நீரைச் சமன் செய்யும் என்று எதிர்பார்க்கவும் வேண்டாம்.

அப்பாவுக்கு லாசிக்ஸ் போகுது. அதை நிறுத்திட்டு ஹோமியோபதிக்கு மாறலாமா?

மாறாதீர்கள். இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் படிப்பதென்றால் இதைப் படியுங்கள். லாசிக்ஸ் என்ற நீர் மாத்திரையின் வேலை ஆறு மணி நேரம். நிறுத்திய முதல் நாளும் இரண்டாம் நாளும் ஒன்றும் தெரியாது. புது மருந்து ஒத்துக்கொண்டது போலத் தோன்றும். எடை மட்டும் ஏறிக்கொண்டே இருக்கும். பிறகு ஒரு ராத்திரி நுரையீரலில் நீர் கோர்த்து, படுக்க முடியாமல் உட்கார்ந்து மூச்சுக்குத் தவிப்பார்.

ராத்திரி அடிக்கடி எழ வேண்டியிருக்கிறது என்பதுதான் அப்பாவின் குறை என்றால், மாத்திரையைக் காலை எட்டு மணிக்கு மாற்ற முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். கால் தசை சுண்டி இழுத்தால் பொட்டாசியம், சோடியம் பார்க்கச் சொல்லுங்கள். அளவைக் குறைக்கவும் வழி உண்டு, தினசரி எடைக் குறிப்பு கையில் இருந்தால்.

பிரஷர் மாத்திரை ஆரம்பிச்சதுல இருந்துதான் வீங்குது. அதுக்கு ஏபிஸ் சாப்பிடலாமா?

முதலில் மாத்திரை அட்டையைப் பாருங்கள். அம்லோடிபின் என்றிருந்தால் காரணம் கிடைத்துவிட்டது, முக்கியமாக 5 மி.கி.யிலிருந்து 10க்கு ஏற்றியிருந்தால். அது சிறு தமனிகளை விரிக்கிறது, சிரைகளை அந்த அளவுக்கு விரிப்பதில்லை. அதனால் நீர் வெளியே கசிகிறது. உடம்பில் நீர் கூடவில்லை, இடம் மாறியிருக்கிறது. அதனால்தான் நீர் மாத்திரையும் இதற்கு அவ்வளவாகக் கேட்பதில்லை. அளவைக் குறைப்பது, சில்னிடிபினுக்கு மாற்றுவது, டெல்மிசார்டான் போன்றதைச் சேர்ப்பது என்று மருத்துவருக்கு வழிகள் உண்டு. பிரஷர் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

சர்க்கரைக்குத் தரும் பயோகிளிட்டசோன், நரம்பு வலிக்குத் தரும் பிரெகாபலின், ஸ்டீராய்டு, டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் எல்லாமும் வீங்க வைப்பவை.

மாசமா இருக்கேன், கால் வீங்குது. ஹோமியோபதினா குழந்தைக்குப் பாதுகாப்புன்னு சொல்றாங்களே?

கடைசி மாதங்களில் கணுக்கால் வீங்குவது சாதாரணம். ஆனால் 20 வாரத்துக்குப் பிறகு முகமும் கையும் வீங்கினால், மோதிரம் திடீரென்று இறுகினால் அன்றே பிரஷர் பாருங்கள். 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தாலோ, சிறுநீரில் ஆல்புமின் இருந்தாலோ, தலைவலி, கண்ணில் பூச்சி பறப்பது, மேல்வயிற்று வலி இருந்தாலோ அது கர்ப்பகால ரத்த அழுத்த நோயாக இருக்கலாம், வலிப்பில் கொண்டுபோய் விடும். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பிரஷர், ஆல்புமின் இரண்டையும் பார்ப்பார்கள். தாய்த் திரவம் எதுவும் வேண்டாம், காரணம் மேலே சொன்ன ஆல்கஹால்.

பையனுக்கு நெஃப்ரோடிக்னு சொல்லி ஸ்டீராய்டு எழுதியிருக்காங்க. பயமா இருக்கு. ஹோமியோபதியில பார்த்துக்கலாமா?

உங்கள் பயம் நியாயமானது. ஆனாலும் சிறுநீரில் புரதம் ஒழுகும் இந்த நோயில் பெரும்பாலான குழந்தைகளுக்கு ஸ்டீராய்டு நன்றாகக் கேட்கும், சில வாரங்களில் ஆல்புமின் ஒழுகுவது நின்றுவிடும். கொடுக்காமல் விட்டால் கிருமித் தொற்றும், ரத்த உறைவும் வரும். வீங்கிய வயிற்றோடு காய்ச்சலும் வலியும் வந்தால் அவசரம். பல வாரம் கொடுத்த ஸ்டீராய்டைச் சட்டென நிறுத்தினாலும் உயிருக்கு ஆபத்து, குறைத்துக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும்.

வீட்டில் ஒரு நோட்டு போடுங்கள். காலையில் முதல் சிறுநீரில் ஆல்புமின் பட்டையை நனைத்து, டப்பாவில் சொல்லியிருக்கும் விநாடி கழித்து நிறத்தை ஒப்பிட்டு எழுதுங்கள். தொடர்ந்து மூன்று நாள் இல்லை அல்லது மிக லேசு என்று வந்தால் நோய் அடங்கியிருக்கிறது. தொடர்ந்து மூன்று நாள் 3+ என்றால் திரும்பிவிட்டது. இப்படிக் குறித்தால் முகம் உப்பும் முன்பே மருத்துவரிடம் போய்விடலாம், ஸ்டீராய்டும் குறைந்த நாளில் முடிய வாய்ப்புண்டு.

யானைக்காலுக்கு ஹோமியோபதி கேட்குமா?

பழைய வீக்கத்தை எந்த மாத்திரையும் முழுதாக வற்ற வைப்பதில்லை. டி.இ.சி. மாத்திரை யானைக்காலை உண்டாக்கும் புழுவுக்கு. காலைக் காப்பாற்றுவது சோப்பும் தண்ணீரும். தினமும் இருமுறை கழுவி, விரல் இடுக்கை மெல்லிய துணியால் ஒற்றி உலர்த்தி, வெடிப்பிலும் புண்ணிலும் மருந்து போட்டால் குளிர்க்காய்ச்சலோடு வரும் நெறிகட்டு குறையும். ஒவ்வொரு முறை நெறி கட்டும்போதும் கால் இன்னும் கொஞ்சம் பெருத்துத்தான் அடங்கும். அதனால் இந்தப் பராமரிப்பே வைத்தியம்.

தேனீ கொட்டி உதடு வீங்கினா ஏபிஸ் 30 போடலாமா? தேனீக்குத் தேனீ மருந்துதானே?

கொட்டிய இடம் மட்டும் வீங்கினால் ஐஸ் ஒத்தடம் போதும். உதடு, நாக்கு, தொண்டை வீங்கினாலும், குரல் கம்மினாலும், உடம்பெல்லாம் தடித்து மயக்கம் வந்தாலும் 108ஐக் கூப்பிடுங்கள். அட்ரினலின் ஊசிதான் அதற்கு மருந்து. எந்த உருண்டைக்கும் அந்த நேரத்தில் ஒரு நிமிடம்கூடச் செலவழிக்காதீர்கள்.

மருந்து சாப்பிட்டதும் வீக்கம் ஜாஸ்தியாச்சு. அது நல்ல அறிகுறின்னு டாக்டர் சொல்றார். காத்திருக்கலாமா?

முதலில் கூடிப் பிறகு குறையும் என்பது ஹோமியோபதியின் நம்பிக்கை. நீர் வீக்கத்தில் அந்த நம்பிக்கையை நம்பிக் காத்திருக்க இடமில்லை. எடை ஏறினால் நோய் ஏறுகிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாவது கேள்வியில் சொன்ன அளவைத் தாண்டினால் அன்றே காட்டுங்கள்.

எனக்கு ஹோமியோபதி டாக்டர் மேலதான் நம்பிக்கை. அவர்கிட்டயே போறேன். என்ன எடுத்துட்டுப் போகணும்?

முதல் சுற்றுப் பரிசோதனை முடிவுகள், சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகள், இரண்டு வார எடைக் குறிப்பு. முறையாகப் படித்துப் பதிவு செய்தவரா என்று பாருங்கள். நல்லவர் என்றால் குழி விழுகிறதா என்று அழுத்திப் பார்ப்பார், பிரஷர் பார்ப்பார், இருக்கும் மாத்திரையை நிறுத்தச் சொல்லமாட்டார். மருந்தின் பெயரையும் வீரியத்தையும் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். அந்தச் சீட்டை உங்கள் இதய மருத்துவரிடமோ சிறுநீரக மருத்துவரிடமோ மறைக்காமல் காட்டுங்கள். கடைசியாக, எத்தனை நாளில் எடை எவ்வளவு குறைய வேண்டும், குறையாவிட்டால் எங்கே அனுப்புவார் என்பதை முதல் நாளே கேட்டு அந்தச் சீட்டின் பின்பக்கம் தேதியோடு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.